மாடு தானாகப் போய் நிற்கிறது: பால் கறக்கும் றோபோக்கள் பற்றிச் சில உண்மைகள்

மீள்குடியேறிய கிராமமொன்றில் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது ஒரு தாய் தமது கைத்தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். நோர்வேயில் மாட்டுப் பண்ணையொன்றில் வேலை செய்யும் மகன் அனுப்பிய படம் அது. யாரும் துரத்தாமலே ஒரு பசு கூடு போன்ற ஓர் இடத்துக்குள் போய் நிற்கிறது. பக்கத்திலிருந்து இரும்புக் கையொன்று மடியின் கீழ் நீண்டு, நான்கு முலைக்காம்புகளிலும் குழாய்களை ஒவ்வொன்றாகப் பொருத்துகிறது. பால் ஓடுகிறது. மாடு தன்பாட்டில் தீனி தின்கிறது. ஆள் ஒருவரையும் காணவில்லை.

"சுவாமி, இது உண்மையோ, இல்லாட்டி எங்களைப் பேய்க்காட்டுறாங்களோ?" என்று கேட்டார்.

"உண்மைதான் அம்மா" என்றேன்.

சற்று யோசித்துவிட்டு, "வத்தக் கறக்குமோ?" என்றார்.

2009இல் பதினொரு மாடுகளையும் பட்டியோடு விட்டுவிட்டு வந்தவர் அவர். திரும்பிப் போனபோது, குறிசுட்ட தமது மாடுகளில் ஒன்றைக்கூட அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று அவரிடம் இருப்பவை இரண்டு பசுக்களும் ஒரு கன்றும். இயந்திரத்தின் விலையையோ நிறத்தையோ கேட்காமல் மடியில் பால் மிஞ்சுமா என்று கேட்டாரே, அதைத்தான் அங்குள்ள ஆராய்ச்சியாளரும் கேட்கிறார்கள்.

அந்தக் கிராமத்துப் பால் உற்பத்தியாளர் சங்கத்தில் இப்பொழுது ஒரு விவாதம் நடக்கிறது. கடன் எடுத்துக் கறவை இயந்திரம் வாங்குவதா, விடுவதா? அவர்கள் பேசுவது வாளியோடு கூடிய சிறிய இயந்திரத்தைப் பற்றி. ஆனால் இளைஞர்கள் வாதாடுவது இந்த றோபோப் படத்தைக் காட்டித்தான். "உலகம் எங்கை போகுது, நாங்கள் இன்னும் செம்போடை நிக்கிறம்" என்கிறார்கள். ஆகவே இந்த றோபோ உண்மையில் எவ்வளவு வேலை செய்கிறது, யாருடைய தோளில் நின்று அதைச் செய்கிறது என்பதை நான் அறிந்த அளவில் எழுதுகிறேன்.

பிறந்த இடம்

பால் கறக்கும் றோபோ விற்பனைக்கு வந்து பண்ணையொன்றில் முதலில் பொருத்தப்பட்டது 1992ஆம் ஆண்டில், நெதர்லாந்திலே. ஒல்லாந்தர் என்று சரித்திரப் புத்தகத்தில் நாம் படித்தவர்களின் நாடு. கூலியாள் கிடைப்பது அங்கே அரிது. கிடைத்தால் சம்பளம் மிக அதிகம். அறுபது எழுபது மாடுகளைக் கணவனும் மனைவியுமே பார்க்கும் குடும்பங்கள் பல. நத்தார் தினமானாலும் செத்தவீடானாலும் காலையும் மாலையும் கறந்தே ஆகவேண்டும். அந்தத் தளையிலிருந்து விடுபடவே அவர்கள் றோபோவைத் தேடினார்கள்.

2017இல் பயிற்சியொன்றுக்காக அந்நாட்டுக்குப் போயிருந்தபோது பிறீஸ்லாந்து மாகாணத்தில் ஒரு பண்ணையைப் பார்க்கக் கிடைத்தது. 'பிறீசியன்' என்று நாம் சொல்லும் கறுப்பு வெள்ளை மாட்டுக்குப் பெயர் வந்தது அந்த மாகாணத்திலிருந்துதான். 110 மாடுகள், இரண்டு றோபோக்கள். வேலைக்கு ஒரு கணவன், ஒரு மனைவி, வயதான தகப்பன்.

மாடு ஏன் தானாகப் போகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பால் கறக்கப்பட வேண்டும் என்ற ஆசையால் அல்ல. அந்தக் கூட்டுக்குள் செறிவுத் தீனி விழுகிறது, அதற்காகவே போகிறது. கழுத்துப் பட்டியில் ஒரு சிறு கருவி இருக்கிறது. அதைக்கொண்டு இது இன்ன மாடு, கடைசியாக எத்தனை மணிக்குக் கறந்தது, இதற்கு எவ்வளவு தீனி போடவேண்டும் என்பதைக் கம்பியூட்டர் அறிந்துகொள்ளும். சற்று முன்னர்தான் கறந்த மாடு திரும்ப வந்தால் தீனி விழாது, கதவு திறக்கும், மாடு ஏமாந்து வெளியே போகும். அப்படி ஏமாந்த ஒரு மாடு அரை மணித்தியாலத்துக்குள் மூன்று தரம் வந்து பார்த்ததை நான் கண்டேன். கோயில் மடைப்பள்ளியைச் சுற்றும் பிள்ளைகளின் நினைவு வந்தது.

கறக்கும் நேரம் வந்த மாடு என்றால், இரும்புக் கை முதலில் காம்புகளைத் தூரிகையாலோ தண்ணீராலோ சுத்தம் செய்யும். பின்னர் லேசர் ஒளியும் கமராவும் கொண்டு காம்பு எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கிண்ணங்களைப் பொருத்தும். காம்பைத் தொட்டுத் துடைக்கும்போதே மாட்டின் மூளையிலிருந்து ஒட்சிரோசின் என்ற ஓமோன் சுரந்து, சுமார் ஒரு நிமிடத்தில் பால் இறங்கும். எமது ஊரில் கன்றை முட்டவிட்டுப் பால் இறக்குவதும் இதே காரியந்தான். மாடு பயந்தால் இந்த ஓமோன் தடைப்படும். மடியிலுள்ள பாலில் ஐந்தில் ஒரு பங்கு அளவே காம்புக்கு மேலுள்ள குழியில் தயாராக நிற்கும், மிகுதி உள்ளே நுண்ணிய பைகளில் இருக்கும். ஆகவே பயந்த மாட்டை மனிதனும் வற்றக் கறக்க மாட்டான், றோபோவும் கறக்காது.

அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய இடம் இதுவே. மடியின் நான்கு அறைகளும் ஒரே அளவு பால் தருவதில்லை. பின் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 60 வீதம் தரும். பழைய இயந்திரங்களில் நான்கு கிண்ணங்களும் ஒன்றாகவே கழற்றப்படும்; முன்காம்புகள் வற்றிய பின்னரும் உறிஞ்சல் தொடரும், காம்பின் நுனி காயப்படும். றோபோ ஒவ்வோர் அறையையும் தனித்தனியே அளந்து, வற்றிய காம்பிலிருந்து அந்தக் கிண்ணத்தை மட்டும் கழற்றிவிடும். இது மெச்சத்தக்க வேலை. கை நுட்பமான ஒரு நல்ல கறவைக்காரர் செய்வதை இது செய்கிறது. ஆனால் மாடு உதைத்துக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாலோ, காம்பைக் கருவி காணத் தவறினாலோ, ஓர் அறை கறக்கப்படாமலே மாடு வெளியே போய்விடும். கம்பியூட்டர் அதைக் குறித்து வைக்கும். போய்ப் பார்ப்பது மனிதனுடைய வேலை.

ஒரு கணக்கு

ஒரு றோபோவுக்கு 60 மாடுகள் என்று அங்கே பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஒரு மாடு நாளொன்றுக்குச் சராசரி 2.6 தடவை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 156 தடவை. ஒரு தடவைக்கு 7 நிமிடம் என்றால் 1,092 நிமிடம், அதாவது 18 மணித்தியாலத்துக்குச் சற்று அதிகம். மிகுதி நேரத்தில் இயந்திரம் தன்னைத் தானே கழுவவேண்டும், மாடுகள் உள்ளே வந்து வெளியே போகவேண்டும், திருத்தவேலையும் நடக்கவேண்டும். 60ஐ 75 ஆக்கினால் வரிசை நீளும். வரிசை நீண்டால் யார் பின்னுக்குத் தள்ளப்படுவார்? பட்டியில் பலமான மாடும் உண்டு, பயந்த மாடும் உண்டு. பயந்த மாடு நெடுநேரம் காத்து நின்று, மற்றவை படுத்த பின்னர் நள்ளிரவில் வரும். நிவாரண வரிசையில் நின்ற எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ஒரு நாளில் இரண்டு தடவை கறந்த பண்ணைகள் றோபோவுக்கு மாறும்போது பால் கூடுவது உண்டு. 5 முதல் 10 வீதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஏற்கனவே ஆட்களைக் கொண்டு நாளுக்கு மூன்று தடவை கறந்த பண்ணையில் அந்த அதிகரிப்பைக் காண்பது கடினம். கூட்டித் தருவது இரும்புக் கை அல்ல, கறக்கும் தடவையின் எண்ணிக்கையே என்பது இதிலிருந்து தெரிகிறது. அதற்கும் வயிறு நிறைந்திருக்க வேண்டும். அந்நாட்டுப் பசுவொன்று ஓர் ஈற்றில் 9,000 கிலோ அளவு பால் தருவது புல், சோளம், செறிவுத் தீனி, தண்ணீர் எல்லாம் இரவும் பகலும் முன்னால் இருப்பதனால்தான்.

வராத மாடுகள்

நான் போன அன்று காலை ஆறரை மணிக்கு அந்தப் பண்ணையாளர் கம்பியூட்டர் திரையிலிருந்து ஒரு பட்டியலைக் கடதாசியில் எழுதிக்கொண்டார். பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கறக்கப்படாத மாடுகள் ஒன்பது. "வா, இவர்களைக் கூட்டி வருவோம்" என்று என்னையும் அழைத்துக்கொண்டு கொட்டிலுக்குள் நடந்தார். இரண்டு மாடுகள் நொண்டின. ஒன்று தலையீற்றுப் பசு. இயந்திரத்தின் சத்தத்துக்கு இன்னும் பழகவில்லை. ஒன்றுக்கு உடம்பு சூடாக இருந்தது. மிகுதியில் நான்கு, ஈற்றுக் காலத்தின் கடைசியில் இருப்பவை. பால் குறைந்து மடி பாரம் இல்லாததனால் அசையவில்லை. ஒன்பதாவது சும்மா படுத்திருந்தது. "இவளுக்குச் சோம்பல், வேறொன்றுமில்லை" என்று அதன் முதுகில் தட்டினார்.

றோபோக் கொட்டிலின் முழுச் செயற்பாடும் மாட்டின் நான்கு கால்களில் நிற்கிறது என்று அவர் சொன்னார். முன்னர் நொண்டும் மாட்டையும் நேரத்துக்குத் துரத்திக்கொண்டுபோய்க் கறந்துவிடலாம். இப்போது குளம்பு நொந்தால் மாடு நடக்காது. நடக்காவிட்டால் கறவை இல்லை, கறவை இல்லாவிட்டால் மடிவீக்கம். ஆகவே குளம்பு சீவுவதற்கும் கொட்டிலின் தரையைச் சுத்தமாக வைப்பதற்கும் முன்னரைவிடக் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். மடியிலுள்ள உரோமத்தையும் வெட்டவோ மெல்லிய சுவாலையால் பொசுக்கவோ வேண்டும். இல்லாவிட்டால் கமராவுக்குக் காம்பு சரியாகத் தெரியாது. மடி மிகவும் தொங்கிய மாடும், பின்காம்புகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் மாடும் இயந்திரத்துக்கு ஒத்துவருவதில்லை. நல்ல பால் தந்தாலும் அவை விற்கப்படும். மாட்டுக்காக இயந்திரம் என்று தொடங்கி, இயந்திரத்துக்காக மாட்டைத் தெரிவு செய்யும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். காளை தெரியும்போதுகூடப் பின்காம்புகளின் இடைவெளியைப் பார்க்கிறார்கள்.

பாலின் தரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். றோபோவுக்கு மாறிய முதற்காலத்தில் நெதர்லாந்துப் பண்ணைகளில் பாலிலுள்ள பற்றீரியாக்களின் எண்ணிக்கை சற்றுக் கூடியது கண்டறியப்பட்டது. பலதரம் கறப்பதனால் பாற்கொழுப்பு உடைந்து சுவை கெடும் தன்மையும் கூடியது. இயந்திரம் திருந்தி, பண்ணையாளரும் பழகிக்கொண்டபின் நிலைமை சீரடைந்தது. ஆனாலும் ஒரு குறை உண்டு. சாணி அப்பிய காம்பையும் சுத்தமான காம்பையும் பெரும்பாலான றோபோக்கள் ஒரே மாதிரித்தான் துடைக்கின்றன. மனிதன் என்றால், அழுக்கைக் கண்டவுடன் இன்னொரு தரம் துடைப்பான்.

மடிவீக்கத்தைக் கண்டுபிடிக்க அது பாலினூடாகச் செல்லும் மின்னோட்டத்தை அளக்கிறது. நோயுள்ள அறையின் பாலில் உப்புத்தன்மை கூடும், மின்சாரம் இலகுவாகக் கடக்கும். இரத்தம் கலந்தால் நிறத்தைக் கொண்டும் அறியும். நல்ல யோசனைதான். ஆயினும் நோயில்லாத மாட்டுக்கும் எச்சரிக்கை தரும், சில வேளை நோயுள்ளதைத் தவறவிடும். எச்சரிக்கைகள் கூடும்போது அவற்றில் எதைப் போய்ப் பார்ப்பது என்று பண்ணையாளரே தீர்மானிக்கிறார். முதற்பாலைக் கறுத்த தட்டில் பீச்சிக் கட்டி தெரிகிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை அந்தத் தகப்பன் இன்னும் கைவிடவில்லை. மகன் சிரிக்கிறார்; ஆனால் தட்டை எடுத்து வைக்கவில்லை.

வேலை குறைந்ததா என்று கேட்டேன். கறக்கும் வேலை போய்விட்டது. தோள்பட்டை வலியும் போய்விட்டது. பிள்ளைகளோடு காலைச் சாப்பாடு சாப்பிட முடிகிறது என்றார். இதை நான் சிறிதாக எண்ணவில்லை. மறுபக்கம், இரவு இரண்டு மணிக்கும் தொலைபேசி அடிக்கும். ஒரு குழாய் கழன்றிருக்கும், அல்லது ஒரு மாடு கூட்டுக்குள் நின்றுகொண்டு வெளியே போக மறுத்திருக்கும். எழுந்து போகத்தான் வேண்டும். மனைவி இடையிலே ஒன்று சொன்னார்: "முன்னர் ஒரு நாளில் இரண்டு தரம் கட்டுப்பட்டிருந்தோம். இப்போது எந்நேரமும் கொஞ்சம் கட்டுப்பட்டிருக்கிறோம்."

அரை றோபோ கிடையாது

ஓர் றோபோவின் விலை ஒரு இலட்சம் யூரோவுக்கு மேல். கொட்டிலைத் திருத்தும் செலவும் ஆண்டுதோறும் பராமரிப்புக்குக் கொம்பனிக்குக் கொடுக்கும் பணமும் வேறு. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மாற்றவேண்டி வரும்.

நோர்வேயின் அனுபவம் எமக்குக் கூடுதலாகப் பயன்படும். அந்த நாட்டுப் பாலில் ஏறக்குறைய பாதியை 2018 அளவிலேயே றோபோக்கள் கறந்தன. அரசாங்கத்தின் உதவியும் இருந்தது. ஆனால் நோர்வேயின் பண்ணைகள் சிறியவை, முப்பது மாடுகள் அளவில் உள்ளவை பல. இயந்திரமோ 60 மாட்டுக்குச் செய்யப்பட்டது. அரை றோபோ வாங்க முடியாது. முப்பது மாட்டோடு வாங்கினால் கடனைக் கட்டமுடியாது. ஆகவே மாட்டைக் கூட்டினார்கள். மாட்டுக்குப் புல் வேண்டும் என்று அயலவனின் காணியைக் குத்தகைக்கு எடுத்தார்கள். பால் விற்கும் பங்கீட்டு உரிமையையும் வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டியிருந்தது. காணியைக் கொடுத்த அயலவன் பால் தொழிலை விட்டான். இந்த மாற்றம் முழுவதற்கும் றோபோவே காரணம் என்று சொல்வது நியாயமல்ல. நெதர்லாந்தில் 2000ஆம் ஆண்டில் ஏறக்குறைய 29,000 ஆக இருந்த பாற்பண்ணைகள் 2020இல் 16,000 அளவுக்குக் குறைந்ததற்கும் விலை, சட்டம், வாரிசு இல்லாமை எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் இயந்திரத்தின் அளவுக்குக் குடும்பத்தின் அளவு வெட்டப்பட்டது அங்கே நடந்திருக்கிறது.

நியூசிலாந்தைப் பாருங்கள். பால்மா மூலம் எமது குசினிகளுக்கும் தெரிந்த நாடு. 2001இலேயே அங்கு ஹமில்ற்றன் நகருக்கு அண்மையில் றோபோவைப் பரீட்சித்தார்கள். ஆண்டு முழுவதும் மேய்ச்சலில் நிற்கும் மாடுகளும் தாமாக வந்து கறக்கப்பட முடியும் என்பதை நிரூபித்தார்கள். தூரத்து மேய்ச்சலிலிருந்து மாடு வருவதற்குப் புதிய புல்லுள்ள அடைப்பையே ஆசைகாட்டினார்கள். அப்படியிருந்தும் அந்நாட்டில் றோபோ பரவலாகவில்லை. மந்தை பெரியது, மேய்ச்சல் மலிவு, கணக்குச் சரிவரவில்லை. பணமும் படிப்பும் உள்ளவர்களே வேண்டாம் என்று கணக்குப் பார்த்து விட்டிருக்கிறார்கள். அவர்களைப் பின்தங்கியவர்கள் என்று யாரும் சொல்வதில்லை.

சங்கத்தின் விவாதம்

சங்கத்தார் அபிப்பிராயம் கேட்டபோது வேண்டும், வேண்டாம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. சில கணக்குகளை மட்டும் வைத்தேன். சிறிய கறவை இயந்திரத்தின் கிண்ணங்களுக்கு உள்ளே இறப்பர் உறை இருக்கிறது. ஏறக்குறைய 2,500 தடவை கறந்தால் அதை மாற்றவேண்டும். பத்து மாடுகள், இரண்டு நேரம் என்றால் நாளுக்கு 20 தடவை. 125 நாளில் உறை முடிந்துவிடும். மாற்றாவிட்டால் காம்பு புண்ணாகும். அந்த உறை எமது பட்டினத்துக் கடையில் கிடைக்குமா? உறிஞ்சலையும் ஓய்வையும் மாறிமாறிக் கொடுக்கும் பல்சேற்றர் பழுதானால் திருத்துவார் யார்? 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு வந்ததை மறக்கவில்லை. அப்படியொரு நாளில் கையால் கறந்து பழகியிராத மாட்டை என்ன செய்வது? கன்றில்லாமல் எங்கள் நாட்டு மாடு பால் இறக்குமா?

2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் கொண்டுவரப்பட்ட 5,000 கறவை மாடுகளின் கதையையும் நினைவூட்டினேன். கடன்பட்டு வாங்கிய பண்ணையாளர் பலர், சொல்லப்பட்ட அளவு பாலைக் காணவில்லை. நோயும் சாவும் கடனுந்தான் கண்டார்கள். அந்த மாடுகளுக்குத் தம் நாட்டில் கிடைத்த தீனி இங்கே கூடவே கப்பலேறி வரவில்லை.

இளைஞர் ஒருவர் எழுந்து, "அப்ப நாங்கள் எப்பவும் கையாலதான் கறக்கோணுமோ சுவாமி? அம்மாவின்ரை விரலெல்லாம் மடங்காமல் போச்சுது" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. பிறீஸ்லாந்துக்காரரின் தோள்பட்டையை எண்ணி மகிழ்ந்த நான், இந்தத் தாயின் விரலை எண்ணாமல் பேசமுடியாது. பத்துப் பன்னிரண்டு மாடுகள் ஓரிடத்தில் சேரக்கூடிய வீடுகள் எவை என்று பார்த்து, அங்கே ஒரு பொதுக் கொட்டில் போட்டு, ஒரே ஓர் இயந்திரத்தை வைக்கலாமா என்று ஆராய அவரையும் வேறு இருவரையும் சங்கம் நியமித்திருக்கிறது. உதிரிப்பாகம் கிடைக்குமா, விலை என்ன என்று விசாரித்து தை மாதக் கூட்டத்துக்கு அறிக்கை தரவேண்டும்.

அதற்கிடையில் வேறொரு காரியம் நடந்தது. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர் என்றும், றோபோக் கொட்டிலில் மாட்டுக்கு முன்னால் இரவிலும் தண்ணீர் இருக்கும் என்றும் பேச்சின் நடுவே சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் பொழுதுபடக் கட்டும் மாடு விடியும்வரை தண்ணீர் காணாது. அந்தத் தாய் மறுநாளே வெடித்த சீமெந்துத் தொட்டியொன்றைப் பூசி, பசுக்கள் கட்டும் இடத்தில் வைத்துவிட்டார். போன கிழமை வழியில் கண்டபோது, "ஒண்டு அரை லீற்றர் கூட்டித் தருது சுவாமி, மற்றது இன்னும் யோசிக்குது" என்றார்.